எழுதாச் சட்டமும் நீதிமன்ற அறமும்: ஐரோப்பிய ஒன்றியச் சட்டத்தில் பொதுநெறிகள்

முன்னுரை

எழுதப்பட்ட சட்டம் எல்லாச் சூழல்களையும் முன்னறிந்து எழுதப்படுவதில்லை. சட்டம் இயற்றியோர் நினைத்தும் பாராத வழக்கு ஒன்று நீதிமன்றத்தின் முன் வரும்போது நீதிபதி செய்யத்தக்கது யாது? சட்டத்தில் இதற்கு இடமில்லை என்று கூறி முறையிட்டவரைத் திருப்பி அனுப்பலாமா? அன்றித் தம் உள்ளத்திற்கு நேர்மை எனப்பட்டதையே சட்டமாகக் கொண்டு தீர்ப்பு வழங்கலாமா? முன்னது நீதியை மறுப்பதாக முடியும். பின்னது நீதிபதியையே சட்டம் இயற்றுபவராக்கிவிடும். இவ்விரு குற்றங்களுக்கும் இடையே அமைந்த குறுகிய வழியே 'சட்டத்தின் பொதுநெறிகள்' என்னும் கருத்தாகும்.

ஒரே நாட்டிற்குள் இவ்வினா எழும்போது அந்நாட்டின் அரசமைப்பும் வரலாறும் வழக்காறும் நீதிபதிக்குத் துணை நிற்கின்றன. பல நாடுகள் தம் இறைமையின் ஒரு பகுதியை ஈந்து உருவாக்கிய சட்ட ஒழுங்கில் இத்துணை எளிதில் கிட்டுவதில்லை. அங்கு யாருடைய நேர்மை 'பொது' எனக் கொள்ளப்படும்? ஒரு நாட்டில் உரிமையாக இருப்பது மற்றொரு நாட்டில் சலுகையாக மட்டும் இருக்குமாயின் அவ்விரண்டிற்கும் பொதுவானது எது? 27 நாடுகளையும் 24 ஆட்சிமொழிகளையும் கொண்ட ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், 1950களில் ஆறு நாடுகளின் நீதிமன்றமாக இருந்த காலந்தொட்டே இவ்வினாவை எதிர்கொண்டு வருகின்றது. அந்நீதிமன்றம் எழுதாச் சட்டத்தைக் கண்டெடுத்த வரலாற்றை ஆராய்ந்து, எழுதாத நெறியைச் சட்டமாக்கும் உரிமை நீதிபதிக்கு எந்த எல்லைவரை உண்டு என்னும் அறவினாவிற்கு விடை காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சொல்லும் பொருளும்

பன்னாட்டுச் சட்டம், நாடுகடந்த சட்டம் ஆகிய இரண்டும் வேறுபடுத்தி அறியத்தக்கன. பன்னாட்டுச் சட்டம் பெரும்பாலும் அரசுகளுக்கிடையே செல்லும் சட்டமாகும். ஓர் அரசு மற்றோர் அரசுக்கு அளித்த வாக்கே அதன் அடிப்படை. நாடுகடந்த சட்டம் அவ்வளவில் நில்லாது அரசுகளைக் கடந்து குடிமக்களை நேரடியாகச் சென்று சேர்கின்றது. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை நிறுவிய 1957ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கை தனிமனிதர்க்கும் உரிமைகளை வழங்குகின்றது என 1963இலும், அச்சட்டம் உறுப்பு நாடுகளின் சட்டத்தினும் மேலானது என 1964இலும் லக்சம்பர்க்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே இங்குக் கண்டறியப்படும் ஒரு நெறி, அரசுகளின் உறவை மட்டுமன்றித் தொழிலாளி, வணிகர், உதவித்தொகை பெறுவோர் எனப் பலருடைய அன்றாட வாழ்வையும் தொடுகின்றது.

விதிக்கும் நெறிக்கும் உள்ள வேறுபாடும் தெளிவுபெற வேண்டும். குறித்த நாளுக்குள் விண்ணப்பம் தருக என்பது விதி. ஒருவரது தரப்பைக் கேளாமல் அவருக்கு எதிராக முடிவெடுத்தல் ஆகாது என்பது நெறி. விதி பொருந்தும் அல்லது பொருந்தாது. நெறியோ பல விதிகளுக்கு அடியில் நின்று அவற்றுக்குப் பொருள் தருவது. பிற நெறிகளோடு வைத்து எடைபோடத்தக்கது. ஐரோப்பிய நீதிமன்றம் ஏற்றுள்ள பொதுநெறிகளுள் சமன்மை, சட்ட உறுதிப்பாடு, நியாயமான எதிர்பார்ப்பைக் காத்தல், தற்காத்துக்கொள்ளும் உரிமை, அடிப்படை உரிமைகள், அரசின் நடவடிக்கை அதன் நோக்கத்திற்கு வேண்டிய அளவைக் கடவாதிருத்தல் ஆகியன முதன்மையானவை.

தமிழ் இலக்கண மரபில் பயின்றோர்க்கு இச்சிக்கல் முற்றிலும் புதியதன்று. தொல்காப்பியத்தில் பல இடங்களில் புறனடை நூற்பாக்கள் அமைந்துள்ளன. எடுத்தோதப்படாத வழக்குகள் தோன்றுமாயின் ஓதப்பட்டவற்றின் நெறியிலேயே அவற்றையும் கொள்ளுமாறு அவை இடந்தருகின்றன. பிற்கால வழக்குகளைப் புறனடைக்குள் அடக்கிக் காட்டுவது உரையாசிரியர் மரபாகும். நூல் கூறாததை நூலின் பெயரால் கூறும் இவ்வுரிமைக்கு எல்லை உண்டா என்னும் வினா உரைமரபிலும் உள்ளுறைந்தே கிடக்கின்றது. ஆயினும் ஒரு வேறுபாடு கருதத்தக்கது. உரையாசிரியர் ஒரு சொல்வடிவத்தை ஏற்பதால் எவரும் பொருளிழப்பதில்லை. நீதிபதி எழுதாத நெறி ஒன்றை ஏற்கும்போது ஒருவர் பெறுகிறார், மற்றொருவர் இழக்கிறார். இவ்விழப்பை யார் தாங்குகின்றார் என்பதே இக்கட்டுரையில் அளவுகோலாகக் கொள்ளப்படுகின்றது.

சட்டம் பேசாத இடத்தில் நீதிபதி

சட்டம் பேசவில்லை என்பதைக் காரணமாக்கி நீதிபதி ஒதுங்குதல் கூடாது என்பது ஐரோப்பியச் சட்டமரபில் வேரூன்றிய கருத்தாகும். சட்டம் கூறவில்லை, தெளிவாக இல்லை, போதியதாக இல்லை என்று காட்டித் தீர்ப்பளிக்க மறுக்கும் நீதிபதி நீதி மறுத்த குற்றத்திற்கு உள்ளாவார் என 1804ஆம் ஆண்டின் பிரெஞ்சு உரிமையியல் சட்டத்தொகுப்பின் 4ஆம் பிரிவு விதித்தது.

நிலக்கரி எஃகுச் சமூகத்தின் பொதுப் பேரவையில் பணிபுரிந்த சிலர் தொடுத்த வழக்கில் 1957இல் இக்கருத்து நாடுகடந்த சட்டத்திற்குள் நுழைந்தது. அவர்களுக்குப் பணிநிலை வழங்கிய ஆணையைப் பேரவை பின்னர்த் திரும்பப் பெற்றது. ஒருமுறை வழங்கிய உரிமையை நிருவாகம் திரும்பப் பெறலாமா என்பதற்கு 1951ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையில் விடையில்லை. அவ்வுடன்படிக்கை நிலக்கரி, எஃகு ஆகியவற்றின் சந்தையைப் பற்றியது. எழுத்தரின் பணிநிலை அதன் நோக்கில் இல்லை. நீதியை மறுத்தல் ஆகாதெனின் உறுப்பு நாடுகளின் சட்டங்களும் சட்டநூல்களும் தீர்ப்புகளும் ஏற்றுள்ள நெறிகளைக் கொண்டு விடை காணவேண்டும் எனக் கருதிய நீதிமன்றம், ஆறு நாடுகளின் நிருவாகச் சட்டங்களையும் ஒப்பிட்டு நோக்கியது. சட்டப்படி வழங்கப்பட்டு ஒருவருக்கு உரிமை தந்த ஆணையைத் திரும்பப் பெறுதல் ஆகாது. சட்டத்திற்குப் புறம்பாக வழங்கப்பட்டதாயின் தகுந்த காலத்திற்குள் திரும்பப் பெறலாம் என்னும் நெறியை அதிலிருந்து வடித்தெடுத்தது.

இத்தீர்ப்பில் மூன்று கூறுகள் நோக்கத்தக்கன. நீதிபதிகள் நெறியைத் தம் உள்ளத்திலிருந்து எடுக்காமல் ஒப்பாய்வின் வழி எடுத்தனர். ஒப்பிடப்பட்டவை அச்சமூகத்தை உருவாக்கிய நாடுகளின் சட்டங்களே. இவ்வாறு கண்ட நெறி நிருவாகத்தின் கையைக் கட்டிற்று. தனிமனிதர் எவர்மீதும் புதிய கடமையைச் சுமத்தவில்லை. மூன்றாம் கூறு பின்வரும் வழக்குகளை மதிப்பிடுவதற்குத் திறவுகோலாக அமைகின்றது.

1957ஆம் ஆண்டின் ரோம் உடன்படிக்கையிலும் இதற்கு ஒரு சான்று உண்டு. சமூகத்தின் அமைப்புகளோ பணியாளரோ விளைத்த கேட்டிற்கு, உறுப்பு நாடுகளின் சட்டங்களுக்குப் பொதுவான நெறிகளின்படி சமூகம் ஈடு செய்யவேண்டும் என அதன் 215ஆம் பிரிவு கூறிற்று. இது பின்னர் 340ஆம் பிரிவாக எண் மாறியது. உடன்படிக்கை எழுதியோர் பொதுநெறிகளை வெளிப்படையாக அழைத்த இவ்விடத்தில் அவர்கள் அவற்றை அதிகாரத்திற்கு எதிராகவே நிறுத்தினர் என்பது கருதத்தக்கது.

வெண்ணெய்ச் சீட்டும் பாடவேறுபாடும்

1969ஆம் ஆண்டின் வழக்கு ஒன்று அளவிற் சிறியதாயினும் பொருளாற் பெரியது. சமூகத்தில் வெண்ணெய் தேவைக்கு மிஞ்சித் தேங்கியபோது, உதவித்தொகை பெறுவோர்க்கு அதனைக் குறைந்த விலையில் விற்குமாறு ஐரோப்பிய ஆணையம் அவ்வாண்டு பிப்ரவரியில் முடிவு செய்தது. வெண்ணெய் பெறுவோர் கடைக்காரரிடம் ஒரு சீட்டைக் காட்டவேண்டும். ஜெர்மன் பாடத்தின்படி அச்சீட்டில் பெறுபவரின் பெயர் இருத்தல் வேண்டும். ஜெர்மனியின் உல்ம் நகரைச் சார்ந்த ஒருவர், தாம் உதவி பெற்று வாழ்பவர் என்பதைக் கடைக்காரருக்கு அறிவிக்கச் செய்வது தம் மாண்பைக் குலைப்பதாகும் என வழக்குத் தொடுத்தார்.

நீதிமன்றம் இவ்வழக்கைத் தீர்த்த முறை பதிப்புத்துறை அறிந்தோரின் கவனத்திற்குரியது. அன்று ஆட்சிமொழிகளாக இருந்தவை டச்சு, பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியம் ஆகிய நான்கு. ஒரே முடிவின் இப்பாடங்கள் தம்முள் வேறுபட்டன. ஜெர்மன், டச்சுப் பாடங்கள் பெயர் பொறித்த சீட்டைக் கூறின. பிரெஞ்சு, இத்தாலியப் பாடங்கள் பெறுபவர் இன்னார் என அடையாளங் காண இயலும் சீட்டு என்று மட்டும் கூறின. அடையாளங் காணப் பெயர் ஒன்றே வழியன்று, எண்ணும் போதும். நான்கு பாடங்களும் ஒத்த ஆற்றலுடையன ஆதலின் ஒன்றை மட்டும் மூலமெனக் கொள்ளுதல் இயலாது என்ற நீதிமன்றம், நோக்கம் நிறைவேறுமாயின் சுமை குறைந்த பாடத்தையே கொள்ளுதல் தகும் எனத் தீர்த்தது. அவ்வாறு கொண்டால், சமூகச் சட்டத்தின் பொதுநெறிகளுள் உறைந்து நீதிமன்றத்தால் காக்கப்படும் அடிப்படை மனித உரிமைகளுக்கு அம்முடிவினால் கேடு விளையாது என்றும் கூறிற்று.

ரோம் உடன்படிக்கையில் அடிப்படை உரிமைகளின் பட்டியல் இல்லை. அவை முன்னரே சட்டத்துள் உறைந்துள்ளன என்னும் இக்கூற்று, வெண்ணெய்ச் சீட்டு ஒன்றைப் பற்றிய தீர்ப்பின் இறுதியில் ஒரு தொடராக இடம்பெற்றது. சுவடிகளை ஒப்பிடும் பதிப்பாசிரியர் ஆசிரியர் எழுதிய பாடம் எது எனத் தேடுகிறார். உல்ம் வழக்கின் நீதிபதிகளோ எந்தப் பாடம் மனிதனைக் குறைவாக வருத்தும் எனத் தேடினர். பாடத்தேர்விற்கு அறமே அளவுகோலாயிற்று. மிகுந்த அதிகாரம் படைத்த அமைப்பு ஒன்றிற்கும் குறைந்த விலை வெண்ணெய்க்குக் கைநீட்டி நின்ற ஒருவருக்கும் இடையே பொதுநெறி நின்ற இடம் எது என்பது இதனால் விளங்கும்.

அறமும் அதிகாரமும் கலந்த தோற்றம்

எனினும் இவ்வரலாற்றை நீதிமன்றத்தின் அருளுடைமையாக மட்டும் காண்பது பொருந்தாது. பத்தாண்டுகளுக்கு முன்னர், 1959இல், ஜெர்மானிய நிலக்கரி வணிக நிறுவனம் ஒன்று தன் நாட்டு அரசமைப்பு வழங்கிய உரிமைகளை உயர் ஆணையம் மீறியது என முறையிட்டபோது, ஒரு நாட்டின் அரசமைப்பை ஆராய்வது தன் பணியன்று என நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. 1964இல் சமூகச் சட்டம் நாட்டுச் சட்டத்தினும் மேலானது என்றாயிற்று. இவ்விரண்டையும் சேர்த்து நோக்கினால் குடிமகன் தன் நாட்டு அரசமைப்பின் காப்பையும் இழந்து, புதிய ஒழுங்கிலும் காப்பின்றி நின்றான் என்பது புலனாகும்.

இந்நிலையை ஜெர்மானிய நீதிமன்றங்கள் ஏற்கவில்லை. 20,000 டன் மக்காச்சோள மாவை ஏற்றுமதி செய்ய உரிமம் பெற்ற நிறுவனம் ஒன்று அதனை முழுவதும் பயன்படுத்தாமையால் வைப்புத்தொகையின் ஒரு பகுதியை இழந்தது. இதனை எதிர்த்த வழக்கில் 1970இல் தீர்ப்பளித்த ஐரோப்பிய நீதிமன்றம், சமூகச் சட்டத்தை எந்த நாட்டின் அரசமைப்பாலும் அளத்தல் கூடாது என்றது. ஆயினும் அடிப்படை உரிமைகளை மதித்தல் சமூகச் சட்டத்தின் பொதுநெறிகளுள் பிரிக்கவியலாத கூறு என்றும், அது உறுப்பு நாடுகளுக்குப் பொதுவான அரசமைப்பு மரபுகளிலிருந்து ஊக்கம் பெறுவது என்றும் அறிவித்தது. எனினும் அந்நிறுவனத்தின் உரிமை மீறப்படவில்லை என்றே முடிவு கூறிற்று. 1974இல் மற்றொரு வழக்கில், உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட மனித உரிமை உடன்படிக்கைகளும் வழிகாட்டும் எனச் சேர்த்தது.

ஜெர்மனியின் அரசமைப்பு நீதிமன்றம் உடனே நிறைவடையவில்லை. ஐரோப்பியச் சமூகத்தில் போதிய உரிமைக் காப்பு அமையாதவரை அதன் சட்டத்தைத் தன் அடிப்படை உரிமைகளால் அளக்கும் அதிகாரம் தனக்கு உண்டு என 1974 மே மாதத்தில் கூறிற்று. 1986இல்தான், போதிய காப்பு நிலவும்வரை அவ்வாறு அளக்கமாட்டேன் என நிலை மாறியது. 'வரை' என்னும் ஒரு சொல் இரு தீர்ப்புகளிலும் நின்று எதிரெதிர்ப் பொருளைத் தந்தமை எண்ணத்தக்கது.

ஆகவே பொதுநெறிகளின் தோற்றத்தில் இரு நோக்கங்கள் பிணைந்திருந்தன எனலாம். ஒன்று தனிமனிதரைக் காத்தல். மற்றொன்று நீதிமன்றம் தன் மேலாண்மையைக் காத்துக்கொள்ளல். இரண்டாம் நோக்கம் இருந்தமையால் முதல் நோக்கம் பொய்யாகிவிடாது. தன் அதிகாரம் நிலைக்கவேண்டுமாயின் அதனைத் தானே அளவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்று ஓர் அமைப்பு உணர்வது அறத்தின் தொடக்கமே ஆகும். செங்கோன்மையைப் பேசிய தமிழ் அறநூல் மரபும் முறைசெய்தலை அரசனின் பெருமையாக மட்டுமன்றி அவனது அரசு நிலைப்பதற்குரிய காரணமாகவும் கண்டது. அடிப்படை உரிமைகள் பட்டயம் 2000இல் அறிவிக்கப்பட்டு, 2009 டிசம்பர் முதல் நாளன்று நடப்புக்கு வந்த லிஸ்பன் உடன்படிக்கையால் கட்டுப்படுத்தும் ஆற்றல் பெற்றது. அதன் பின்னரும் அவ்வுரிமைகள் பொதுநெறிகளாகத் தொடரும் என ஒன்றிய உடன்படிக்கையின் 6ஆம் பிரிவு கூறுகின்றது. எழுதிய பின்னரும் எழுதாததற்கு இடம் விடப்பட்டுள்ளது.

'பொது' என்பது யாருடையது?

நெறி பொதுவானது எனின் அப்பொதுமையை வகுத்தோர் யாவர் என்னும் வினா எழுகின்றது. இவ்வினாவின் கூர்மையை உணரப் பன்னாட்டுச் சட்டத்தின் ஒரு பகுதியை ஒப்புநோக்குதல் தேவையாகின்றது. 1920இல் தி ஹேக் நகரில் கூடிய சட்டவல்லுநர் குழு, நிலையான பன்னாட்டு நீதிமன்றத்திற்குரிய சட்டத்தை வரைந்தது. உடன்படிக்கை, வழக்காறு ஆகியவற்றோடு 'நாகரிக நாடுகள்' ஏற்ற சட்டப் பொதுநெறிகளையும் நீதிமன்றம் கையாளலாம் என்னும் பிரிவு அங்கு உருவாயிற்று. உடன்படிக்கையும் வழக்காறும் இல்லாவிடத்து நீதிமன்றம் கைவிரிக்கலாகாது என்பதே இதன் நோக்கம். பத்து உறுப்பினர் கொண்ட அக்குழுவில் ஆசியாவிலிருந்து இடம்பெற்றவர் ஜப்பானியர் ஒருவரே. ஆப்பிரிக்காவிலிருந்து எவருமில்லை. 1945இல் பன்னாட்டு நீதிமன்றம் நிறுவப்பட்டபோதும் அத்தொடர் 38ஆம் பிரிவில் அவ்வாறே நிலைபெற்றது.

இத்தொடர் ஏட்டளவில் நின்றதன்று என்பதற்கு இந்தியாவே எதிர்வாதியாக நின்ற வழக்கு சான்றாகும். 1954இல் தாத்ரா, நகர் அவேலி ஆகிய பகுதிகள் போர்த்துக்கீசியர் கையைவிட்டு நீங்கின. அப்பகுதிகளுக்கு இந்திய மண்ணின் வழியே செல்லும் உரிமை தனக்கு உண்டு எனப் போர்ச்சுகல் 1955இல் வழக்குத் தொடுத்தது. பிறர் நிலத்தால் சூழப்பட்ட நிலத்திற்கு வழி உண்டு என்னும் பொதுநெறியும் அதன் வாதங்களுள் ஒன்று. அயலாரின் தோட்டத்தால் சூழப்பட்ட உழவனுக்கு வழிவிடும் நெறி, குடியேற்ற அரசு தன் ஆட்சிப்பகுதியை அடைவதற்குரிய நெறியாக நீட்டப்பட்டது. 1960 ஏப்ரலில் தீர்ப்பளித்த பன்னாட்டு நீதிமன்றம், இரு தரப்பிற்கும் இடையே நிலவிய நடைமுறையைக் கொண்டே வழக்கைத் தீர்த்தமையால் பொதுநெறி வாதத்திற்குள் செல்லவில்லை. தனியாரும் குடியியல் அலுவலரும் பொருள்களும் செல்லும் உரிமை இருந்தது. படைக்கும் காவலர்க்கும் படைக்கலங்களுக்கும் அவ்வுரிமை இல்லை. இந்தியா தன் கடமையை மீறவில்லை என்பன முடிவுகளாயின.

பொதுநெறி எளியோருக்கு மட்டுமே துணையாவதன்று, வலியோரும் அதனைக் கையிலெடுக்கலாம் என்பதை இவ்வழக்கு காட்டுகின்றது. 1969இல் வடகடல் கண்டத்திட்டு வழக்கில் லெபனான் நாட்டு நீதிபதி ஃபுவாத் அம்மூன், 'நாகரிக நாடுகள்' என்னும் தொடரைத் தம் தனிக்கருத்துரையில் கடிந்தார். 2023இல் பன்னாட்டுச் சட்ட ஆணையம் முதல் சுற்றில் ஏற்ற வரைவு முடிவுகள் அத்தொடரை விடுத்து 'நாடுகளின் சமுதாயம்' என்னும் தொடரைக் கொண்டன. சொல் மாறியது நன்றே. ஆயினும் எந்தச் சட்டமரபுகளை ஒப்பிட்டுப் பொதுமை காண்பது என்பதில்தான் அம்மாற்றத்தின் மெய்ம்மை சோதிக்கப்படும்.

பொதுநெறி சுமையாகும் இடம்

ஐரோப்பிய ஒன்றியத்திற்குள் இச்சோதனை வேறு வடிவில் வந்தது. 52 அகவைக்கு மேற்பட்டோரைத் தனிக்காரணம் இன்றியே குறித்த காலப் பணியில் அமர்த்தலாம் என ஜெர்மானியச் சட்டம் ஒன்று இடந்தந்தது. அகவையால் வேற்றுமை காட்டுதலைத் தடுக்கும் 2000ஆம் ஆண்டின் ஒன்றிய ஆணையை ஜெர்மனி செயற்படுத்துவதற்குரிய காலக்கெடு அப்போது முடியவில்லை. எனினும் 2005 நவம்பரில் தீர்ப்பளித்த நீதிமன்றம், அகவை வேற்றுமை கூடாது என்பது பொதுநெறி என்றும், அதற்கு மாறான நாட்டுச் சட்டத்தை நாட்டு நீதிமன்றம் ஒதுக்கவேண்டும் என்றும் கூறிற்று. பின்லாந்தின் அரசமைப்பில் அகவை வெளிப்படையாகச் சுட்டப்பட்டுள்ளது. பெரும்பாலான நாடுகளின் அரசமைப்புகளில் அவ்வாறில்லை. 1957இல் செய்ததுபோன்ற ஒப்பாய்வு எதனையும் இத்தீர்ப்பில் காணமுடியவில்லை. ஜெர்மனியின் மேனாள் குடியரசுத் தலைவரும் அரசமைப்பு நீதிமன்றத்தின் மேனாள் தலைவருமான ரோமன் ஹெர்சோக் 2008இல் இதனைக் கடுமையாகத் திறனாய்ந்தார். 2010இல் ஜெர்மானிய அரசமைப்பு நீதிமன்றம் இந்நெறியை அதிகார வரம்பு கடந்ததென அறிவிக்க மறுத்தது.

டென்மார்க்கில் எழுந்த வழக்கே அறச்சிக்கலை முழுமையாக வெளிப்படுத்துகின்றது. 1984இல் பணியில் சேர்ந்த ஒருவர் 60 அகவையில், 2009இல், தனியார் நிறுவனம் ஒன்றை விட்டு நீங்கினார். நெடுங்காலம் பணியாற்றியோருக்கு மூன்று மாத ஊதியம்வரை விலகல் தொகை தரும் டேனியச் சட்டம், நிறுவனம் பங்களித்த ஓய்வூதியம் பெறத் தகுதி அடைந்தோரை விலக்கி வைத்திருந்தது. அவர் ஓய்வு பெறாமல் வேறு பணியில் சேர்ந்தார். இருப்பினும் தொகை மறுக்கப்பட்டது. இவ்விலக்கு ஒன்றிய ஆணைக்கு முரணானது என 2010இலேயே மற்றொரு வழக்கில் முடிவாகியிருந்தது. ஆனால் ஒன்றிய ஆணை அரசுகளை நோக்கியது. அது நேரே தனியார்மீது கடமையைச் சுமத்தாது. அவ்வாணை கடவாத எல்லையைப் பொதுநெறி கடந்தது. நிறுவனம் தன் நாட்டுச் சட்டத்தை நம்பி நடந்தது என்னும் காரணம் ஏற்கத்தக்கதன்று என 2016 ஏப்ரலில் ஐரோப்பிய நீதிமன்றம் கூறிற்று. அவ்வாண்டு டிசம்பரில் டேனிய உச்ச நீதிமன்றம் இதனைப் பின்பற்ற மறுத்தது. தனியார் இருவருக்கிடையே எழும் வழக்கில் எழுதாத நெறி ஒன்றால் தெளிவான டேனியச் சட்டத்தை ஒதுக்குவதற்கு, நாடு ஒன்றியத்தில் சேர்ந்தபோது இயற்றிய சட்டம் இடந்தரவில்லை என்பது பெரும்பான்மை நீதிபதிகளின் முடிவு.

இங்கு மோதியவை அறமும் அறமின்மையும் அல்ல. சமன்மை, சட்ட உறுதிப்பாடு என்னும் இரு பொதுநெறிகளே. தொழிலாளி நேர்மையற்ற வேற்றுமைக்கு ஆளானார் என்பது உண்மை. நிறுவனம் எழுதிய சட்டத்தின்படியே நடந்தது என்பதும் உண்மை.

தனியார் நிறுவனமும் அதிகாரமே, அதனைக் கட்டுப்படுத்துவதும் எளியோரைக் காப்பதாகும் என்னும் வாதம் இங்கு எழக்கூடும். இது புறந்தள்ளத்தக்கதன்று. ஆனால் இவ்வழக்கில் தவறு தொடங்கிய இடம் அரசே. ஒன்றிய ஆணைக்கு முரணான சட்டத்தை ஏட்டில் வைத்திருந்ததும் திருத்தத் தவறியதும் அரசு. அத்தவற்றின் விலையை அச்சட்டத்திற்குப் பணிந்தவரிடம் வாங்குவது முறையாகாது. தொழிலாளியையும் கைவிடாத வழி ஒன்று ஒன்றியச் சட்டத்திலேயே உண்டு. நொடித்துப்போன நிறுவனங்களின் தொழிலாளரைக் காக்கும் ஆணையை இத்தாலி செயற்படுத்தத் தவறியபோது, அதனால் விளைந்த இழப்பை அரசு ஈடுசெய்ய வேண்டும் என 1991இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசின் இப்பொறுப்பும் உடன்படிக்கையில் எழுதப்படாத நெறியே ஆகும். டேனியத் தொழிலாளிக்கு உரிய தொகையை இவ்வழியில் அரசிடமிருந்து பெற்றுத் தருவது அறத்திற்கு நெருக்கமானதாக இருந்திருக்கும். இவ்வழி இருப்பினும் நாட்டு நீதிமன்றம் தன் சட்டத்தை ஒதுக்கியே ஆகவேண்டும் என்ற நிலைப்பாடே ஏற்பதற்கு அரியதாகின்றது.

இதற்கு மறுதலையாக நிற்பது 2008 செப்டம்பர்த் தீர்ப்பு. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றம் பயங்கரவாதத் தொடர்புடையோர் எனப் பட்டியலிட்டவர்களின் சொத்துகளை ஐரோப்பிய ஒன்றியம் முடக்கியது. பட்டியலில் ஏன் சேர்க்கப்பட்டோம் என்பது அவர்களுக்குத் தெரிவிக்கப்படவில்லை. மறுமொழி கூறவும் வழியில்லை. பாதுகாப்பு மன்றத்தின் முடிவை ஆராய்வது பெரும்பாலும் தன் வரம்பிற்கு அப்பாற்பட்டது எனக் கீழமை நீதிமன்றம் 2005இல் ஒதுங்கியது. மேல்முறையீட்டில் ஐரோப்பிய நீதிமன்றம், உலகில் மிக உயர்ந்த அதிகாரத்தின் சொல்லைச் செயற்படுத்தும்போதும் ஒன்றியம் தன் பொதுநெறிகளுக்குக் கட்டுப்பட்டதே என்று கூறி, அவ்வழக்கைத் தொடுத்தோரைப் பொறுத்தவரை அவ்விதியை நீக்கியது. ஒன்றியம் குறையைத் திருத்திக்கொள்ள மூன்று மாத காலமும் அளித்தது. கேளாமல் தண்டிக்காதே என்னும் நெறிக்கு எந்த நாட்டின் சட்டமரபும் அயலன்று. இத்தீர்ப்பில் பொதுநெறி எந்தத் தனியார்மீதும் சுமையை ஏற்றவில்லை.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வினால் பெறப்படும் கருத்துகள் வருமாறு:

1. எழுதிய சட்டம் பேசாதபோது நீதிபதி ஒதுங்குதல் அறமன்று. பொதுநெறியை நாடுவது நாடுகடந்த நீதிமன்றத்தின் கடமையாகும்.

2. நெறி 'பொது' எனப்படுவதற்கு ஒப்பாய்வு தேவை. 1957இல் ஆறு நாடுகளின் சட்டங்களை ஒப்பிட்ட உழைப்பு 2005இல் காணப்படவில்லை. உழைப்புக் குறையும் அளவிற்கு நீதிபதியின் விருப்பம் மிகுவதற்கு இடமுண்டாகின்றது.

3. பொதுமையை வகுப்போர் சிலராயின் நெறி வலியோரின் கருவியாகக்கூடும். 1920ஆம் ஆண்டின் தொடரும் 1960ஆம் ஆண்டின் வழக்கும் இதனை உணர்த்துகின்றன.

4. எழுதாத நெறி அதிகாரத்தை அளவுபடுத்தும்போது அதற்கு முன்னறிவிப்புத் தேவையில்லை. அதிகாரம் தன் எல்லையை முன்னரே அறிந்திருக்கக் கடமைப்பட்டது. அந்நெறி எழுதிய சட்டத்தை நம்பி நடந்த தனியார்மீது சுமையை ஏற்றும்போது, அச்சுமையை முதலில் அரசே தாங்குதல் வேண்டும்.

புறனடை நூற்பா எடுத்தோதாததற்கு இடந்தந்தாலும் ஓதியதன் நெறியை விட்டு விலக இடந்தருவதில்லை. நாடுகடந்த சட்டத்தில் ஓதப்பட்ட நெறி யாது என வினவினால், உல்ம் நகரத்தவரின் வெண்ணெய்ச் சீட்டு விடை கூறும். பெயரை மறைத்துக்கொள்ளும் சிறிய உரிமையை அவருக்குத் தருவதற்காக நான்கு மொழிப் பாடங்களையும் ஒப்பிட்ட அந்நீதிமன்றம், அன்று யாரைக் காக்கப் பொதுநெறியை அழைத்தது என்பதை மறவாதிருக்கும் அளவிற்கே எழுதாச் சட்டத்தைச் சொல்லும் உரிமையைப் பெறுகின்றது.